கதம்பையும் பொழியும்: ஒரு கைப்பிரதி, ஒரு நாவல், மூன்று வாசிப்புகள்

இந்த நிகழ்வு ஆய்வு ஒரு கைப்பிரதியைப் பற்றியது. அந்தக் கைப்பிரதி ஏன் உயிர் பெறவில்லை என்பதைக் கண்டறிவதற்காக, ஏற்கெனவே பலமுறை வாசித்திருந்த, சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' என்ற நாவலை நாங்கள் ஒன்பது மாதங்களில் மூன்று முறை திரும்ப வாசித்தோம். எழுத விரும்புகிறவர் நாவலைக் கூர்ந்து வாசிக்க வேண்டும் என்ற அறிவுரை எங்களில் எவருக்கும் புதியதன்று. அப்படியிருந்தும் முதல் நான்கு மாதங்களைத் தவறான இடத்தில் தேடியே கழித்தோம். அந்தத் தவறையும், அதிலிருந்து திரும்பிய வழியையும் நடந்த வரிசையிலேயே இங்கே பதிவு செய்கிறேன்.

கைப்பிரதிக்கு உரியவர் தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன்; பெயரை மட்டும் தவிர்க்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் கூடி நாவல் வாசிக்கிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான நான் அவர்களில் மூத்தவன். சுந்தர ராமசாமியின் வீட்டில் 'காகங்கள்' என்ற இலக்கியக் கூட்டம் நடந்த ஊர் இது என்பதால், இலக்கியம் பேசக் கூடுவதற்கு இங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. ஆசிரியை கருங்கல், தக்கலை வழியாகப் பேருந்து மாறி வருவார். ஒருநாள் கூட்டம் முடிந்த பிறகு பையிலிருந்து 180 பக்கக் கைப்பிரதியை எடுத்து, "சார், இதை யாருக்கும் இன்னும் காட்டவில்லை" என்று என்னிடம் கொடுத்தார்.

கைப்பிரதியின் நிலை

அவருடைய பாட்டியின் குடும்பம் கயிறு திரித்து வாழ்ந்த குடும்பம். குழித்துறைத் தாமிரபரணி கடலைச் சேரும் பகுதியில், உப்பும் நன்னீரும் கலந்த நீரில் பச்சைக் கதம்பைகளை, அதாவது தேங்காயின் நார்த்தோல்களை, வலையில் கட்டி, மேலே சேறும் மட்டையும் போட்டு அமிழ்த்திவைப்பார்கள். ஆறு மாதத்துக்கு மேல் அழுகிய பின் வெளியே எடுத்து, தடியால் அடித்து, நாரைப் பிரித்து, ராட்டில் திரிப்பார்கள். பெண்களின் கைகளிலும் சேலைகளிலும் அழுகிய முட்டையின் நாற்றம் நிரந்தரமாகத் தங்கிவிடும். நாவலின் மைய நிகழ்ச்சி ஓர் இரவில் நடக்கிறது. ஆற்றுவாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை யாரோ வெட்டிவிட, அதாவது பொழியைத் திறந்துவிட, பாட்டி குடும்பத்தின் ஓராண்டுக் கதம்பை முழுவதும் கடலுக்குப் போய்விடுகிறது. அந்த இரவுக்குப் பிறகு குடும்பம் கடனில் விழுகிறது; பாட்டா, அதாவது தாத்தா, ஊரைவிட்டுப் போகிறார்.

பொருள் வலுவானது. எழுதியவருக்கு அந்தத் தொழிலின் ஒவ்வொரு அசைவும் தெரியும். உரையாடல்கள் விளவங்கோட்டுப் பேச்சில் பிழையில்லாமல் அமைந்திருந்தன. ஆனால் 180 பக்கங்களையும் வாசித்து முடித்தபோது, ஒரு நல்ல ஆவணத்தை வாசித்த மதிப்பு மட்டுமே எனக்குள் எஞ்சியது. மற்ற மூவரின் அனுபவமும் அதுவே. பாட்டியின் மீது எங்களுக்கு இரக்கம் வந்தது. ஆனால் அவளோடு அந்தச் சேற்றில் நிற்க முடியவில்லை.

எங்கள் முதல் நோய்க்கணிப்பு, வட்டாரச் சொற்கள் மிகுந்துவிட்டன என்பது. மாவட்டத்துக்கு வெளியே உள்ள வாசகர் 'வெள்ளம்' என்ற சொல்லைப் பெருக்கு என்றே பொருள்கொள்வார். பாட்டி குடிக்கக் கேட்பது தண்ணீர் என்று அவருக்குத் தெரியாது. 'ஓர்மை' என்றால் நினைவு என்பதும் தெரியாது. ஆகவே பேச்சுவழக்கைக் குறைக்கச் சொன்னோம். அவர் இரண்டு மாதம் உழைத்து அப்படியே குறைத்துக் கொண்டுவந்தார். பிரதி முன்பைவிட மோசமாகியிருந்தது. முன்பு சொல்லிலாவது ஈரம் இருந்தது. இப்போது அதுவும் போயிருந்தது. அந்த அறிவுரையை முதலில் சொன்னவன் நான் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். நோயைக் காணாமல் மருந்து கொடுத்திருக்கிறோம் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

எந்த நாவலை எடுப்பது

கைப்பிரதியைத் திருத்துவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு நாவலை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். தமிழில் இதற்கு ஒரு மரபு உண்டு. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ், படைப்பை அலசிப் பார்க்கும் விமர்சனத்தை வற்புறுத்தியது. ரசனையே போதும் என்ற எதிர்வாதமும் அன்றே இருந்தது. வாசகருக்கு ரசனை போதும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எழுத வந்தவருக்கு அது போதாது. பிடித்திருக்கிறது என்பதைத் தாண்டி, எதனால் அப்படிப் பிடிக்கிறது என்பதைப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்ட அவரால் முடிய வேண்டும்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) தேங்காய்ப்பட்டணத்தின் நாவல். ஆசிரியைக்கு அது ஏறக்குறைய மனப்பாடம். அந்தக் காரணத்தாலேயே அதைத் தவிர்த்தோம். தன் ஊரை வாசிக்கும்போது அவர் நாவலை வாசிக்கவில்லை, ஊரைத்தான் பார்க்கிறார் என்று அவரே சொன்னார். ஆகவே சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யைத் தேர்ந்தெடுத்தோம். 1966இல் நூலாக வந்தது. ஓர் ஊரில் முச்சந்தியில் நின்ற மரம், அதைச் சுற்றி வளர்ந்த கடைத்தெரு, நகரசபை, பத்திரிகை, தேர்தல், கடைசியில் விஷமிட்டு மரத்தைக் கொல்வது ஆகியவை அதன் பொருள். திருவிதாங்கூர் மன்னர் காலம் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் வரை அது நீள்கிறது. ஓர் இடம் அழிவதைச் சொல்லும் நாவல் என்ற வகையில் கைப்பிரதிக்கு உறவானது. தொழிலாலும் மொழியாலும் போதிய தொலைவில் இருப்பது. இதுவே எங்கள் கணக்கு.

முதல் வாசிப்பு

முதல் வாசிப்பு வீணாகிப் போனது. ஆனால் அது எப்படி வீணானது என்பது முக்கியம். ஆசிரியை தன் ஊர் நாவலில் செய்ததை, நாகர்கோவில்காரர்களான நாங்கள் நால்வரும் எங்கள் ஊர் நாவலில் செய்தோம். மரம் நின்றது வேப்பமூடா, மணிமேடைப் பக்கமா, நாவலில் வரும் பூங்கா எது, கடைகள் எந்த வரிசையில் இருந்தன என்று இரண்டு முழுக் கூட்டங்கள் பேசினோம். ஒருவர் பழைய நிழற்படம் ஒன்றைக்கூடக் கொண்டுவந்தார். அந்தப் பேச்சு இனிமையாக இருந்தது என்பதை மறுக்கவில்லை. சொந்த ஊர் அச்சில் வரும்போது உண்டாகும் பெருமிதம் இயல்பானதே. ஆனால் எழுத வந்தவருக்கு அது ஒரு திரை. இடத்தை அடையாளம் கண்டுகொண்ட கணமே, அந்த இடம் வார்த்தையால் எப்படிக் கட்டப்பட்டது என்ற கேள்வி மனத்தைவிட்டுப் போய்விடுகிறது. வாசகரின் சொந்த நினைவு அந்த இடைவெளியை நிரப்பிவிட, அதை நாவலாசிரியர் நிரப்பினார் என்று எண்ணிக்கொள்கிறோம்.

கைப்பிரதியின் குறையும் இங்கேதான் முதன்முதலாகத் தலைகாட்டியது என்று பின்னால் தெரிந்தது. கதம்பைக் குழியைத் தன் கண்ணால் பார்த்தவர் எழுதியது அது. எழுதும்போது அவருக்குள் இருந்த காட்சி தாளில் இறங்கிவிட்டது என்று அவர் நம்பினார். தாளில் இறங்கியிருந்தவை தகவல்கள் மட்டுமே.

இரண்டாம் வாசிப்பு

இரண்டாம் வாசிப்புக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ஊரைப் பற்றி யாரும் பேசக் கூடாது. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு தாளில் நான்கு விவரங்களை எழுத வேண்டும்: இதை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், அவருக்கு இது எப்படித் தெரியும், எவ்வளவு காலம் எத்தனை பக்கத்தில் கடக்கிறது. யார் பேசுகிறார் என்பதும் யார் பார்க்கிறார் என்பதும் வேறுவேறு கேள்விகள் என்று பிரெஞ்சு ஆய்வாளர் ழெரார் ழெனெத் 1972இல் பிரித்துக் காட்டினார். எங்களுக்கு அதோடு மூன்றாவது கேள்வி ஒன்றும் வேண்டியிருந்தது. பேசுகிறவருக்கு அது எவ்வழியாகத் தெரிய வந்தது என்ற அந்தக் கேள்வியை எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரு செவிலியர்தான் கேட்டார். நோயாளி சொன்னதையும், உடன் வந்தவர் சொன்னதையும், தான் பார்த்ததையும் தனித்தனியாக எழுதிப் பழகியவர் அவர்.

தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பியபோது நாவலின் வடிவம் தெரிந்தது. மரத்துக்கு நேர்ந்த முடிவு தொடக்கத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. ஆகவே மரம் என்ன ஆகும் என்ற ஆவலை நம்பி நாவல் நடக்கவில்லை. அடுத்து வரும் பகுதிகளில் தாமோதர ஆசான் என்ற முதியவர் கதை சொல்கிறார். இளைஞர் கூட்டம் ஒன்று அவரைச் சூழ்ந்து உட்கார்ந்து கேட்கிறது. மரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் குளம் இருந்ததும், மன்னர் வருகையை ஒட்டி அது தூர்க்கப்பட்டதும் நமக்கு ஆசானின் வாய்வழியாகவே வருகின்றன. அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கைச்சரக்கு என்பதைக் கேட்பவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பின்பாதியில் ஆசானின் குரல் இல்லை. காற்றாடி மரத் தோப்பு பூங்காவாக மாறுகிறது. தாமுவும் காதரும் எதிரெதிரே நிற்கிறார்கள். இசக்கி பத்திரிகைக்குச் செய்தி தேடி அலைகிறான். ஊரின் கதையைச் சொல்லும் பொறுப்பு ஒரு கிழவரின் வாயிலிருந்து பத்திரிகைக்கும் தேர்தல் மேடைக்கும் கைமாறிவிடுகிறது.

எங்கள் வாசிப்பில் கிடைத்த முக்கியமான கண்டுபிடிப்பு இது. மரம் கொல்லப்படுவதற்கு முன்பே, மரத்தைப் பற்றிக் கதை சொல்லும் முறை கொல்லப்பட்டுவிடுகிறது. ஊர் மாறியது என்று ஆசிரியர் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. சொல்கிறவர் மாறியதிலேயே வாசகர் அந்த மாற்றத்தை உணர்ந்துவிடுகிறார். ஆசானின் பகுதிகளில் நிதானமாக நடந்த காலம், பின்பாதியில் நெருக்கியடித்து ஓடுகிறது என்பதையும் எங்கள் பக்கக் கணக்கு காட்டியது. நான் கல்லூரி நாளிலிருந்து இந்த நாவலை வாசித்து வருகிறேன். பின்பாதி ஏன் வறண்டு தெரிகிறது என்று பலமுறை குறைப்பட்டிருக்கிறேன். அந்த வறட்சிக்கு நாவலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது என்பது இந்தத் தாள்களைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது.

இதே நான்கு கேள்விகளைக் கைப்பிரதியின் அத்தியாயங்களுக்கும் கேட்டுத் தாள் எழுதச் சொன்னோம். அவர் வீட்டில் எழுதிக்கொண்டு வந்த 22 தாள்களிலும், 'அவருக்கு இது எப்படித் தெரியும்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. சொல்கிறவர் எங்கும் இருந்தார், எல்லாம் அறிந்திருந்தார். பொழியை வெட்டியவர் போட்டிக் குடும்பத்து முதலாளிதான் என்பதையும், அந்த நேரத்தில் அவர் மனத்தில் ஓடிய எண்ணத்தையும், அதே நொடியில் பாட்டி கண்ட கனவையும் ஒரே குரல் ஒரே உறுதியோடு சொல்லியது. அப்படி எல்லாம் அறிந்த குரல் நாவலுக்கு ஆகாது என்று சொல்ல வரவில்லை. பெரிய நாவல்கள் பல அப்படி எழுதப்பட்டவைதான். இங்கே அந்தக் குரலை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு வழி உண்டு என்பது தோன்றாமலேயே அதில் எழுதியிருந்தார்.

இடையில் நேர்ந்த பிழை

அடுத்த கூட்டத்துக்கு அவர் பொழி இரவின் அத்தியாயத்தை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். அதில் கதம்பை அடிக்கும் களத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்து, சுற்றியுள்ள பிள்ளைகளிடம் அந்த இரவைச் சொல்கிறார். கேட்பதற்குச் சுவையாக இருந்தது. எங்களில் இருவர் பாராட்டவும் செய்தார்கள். எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர்தான், இது ஆசான் அல்லவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தக் களத்தில் அப்படி உட்கார்ந்து கதை சொல்ல எந்தக் கிழவருக்கும் வேலை கிடையாது; அது பெண்களின் இடம்; அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதும் இல்லை. நாவலின் தீர்வை அதன் காரணத்திலிருந்து பிரித்து அப்படியே எடுத்து வந்திருக்கிறார் என்பது தெளிவானது. கூர்ந்து வாசிப்பவருக்கு இந்த ஆபத்து சாதாரண வாசகரைவிட அதிகம். பொறியைத் திறந்து பார்த்தவருக்கு அதன் உறுப்பைக் கழற்றி எடுத்துவரும் ஆசை வரத்தான் செய்யும்.

இதை முறிப்பதற்காக, அதே கேள்விக்கு முற்றிலும் வேறான விடை கண்ட ஒரு நாவலைப் பக்கத்தில் வைத்தோம். நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) இரணியல் பகுதிக் குடும்பம் ஒன்றின் கதை. அதில் கதைசொல்லும் முதியவர் என்று தனியாக ஒருவர் இல்லை. திரவி என்ற இளைஞனின் கண்ணையும் காதையும் ஒட்டியே நாவல் நகர்கிறது. அவன் அக்கா நாகு, கணவன் வீட்டாரால் பழி சுமத்தித் திருப்பி அனுப்பப்படுகிறாள். அந்த வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதெல்லாம் அவனுக்கு எட்டிய அளவில் நமக்கு வருகிறது. முக்கியமாக, அங்கே வட்டார வழக்கு உரையாடலோடு நிற்பதில்லை. ஆசிரியர் கூற்றுக்குள்ளும் புகுந்து நிற்கிறது.

இந்த இடத்தில்தான் நான் கொடுத்த பழைய அறிவுரை முழுமையாக உடைந்தது. எவ்வளவு வட்டார வழக்கு என்று அளவு பார்த்துக்கொண்டிருந்தோம். யாருடைய வழக்கு என்று கேட்கவே இல்லை. கைப்பிரதியில் பாட்டி 'ஓர்மை' என்பாள். அடுத்த வரியில் சொல்கிறவர் 'நினைவு' என்பார். பாட்டி 'வெள்ளம்' கேட்பாள். சொல்கிறவர் அவளுக்குத் 'தண்ணீர்' கொடுப்பார். ஒவ்வொரு முறையும் சொல்கிறவர் பாட்டியைவிட்டு ஓரடி விலகி, வெளியூர் வாசகரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவளைச் சுட்டிக்காட்டுகிறார். எங்களால் அவளோடு சேற்றில் நிற்க முடியாமல் போனது இதனால்தான். உரையாடலில் சொற்களைக் குறைத்தபோது அந்த விலகல் குறையவில்லை. பாட்டிதான் மெலிந்து போனாள். ஒற்றைச் சொல்லை வைத்து இதைக் காட்ட முடிந்தபோது ஆசிரியை நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் நான் என் பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறேன், சார்" என்றார்.

"மக்களே, அதை அப்படியே தாளில் எழுதி வைத்துக்கொள்" என்றேன்.

மூன்றாம் வாசிப்பு

மூன்றாவது முறை புளியமரத்தின் கதையை முழுவதும் வாசிக்கவில்லை. ஆசான் சொல்லும் பகுதியிலிருந்து ஒன்றையும், பின்பாதியிலிருந்து ஒன்றையுமாக இரண்டு இடங்களை எடுத்து, மூன்று மூன்று பக்கங்களைக் கையால் பார்த்து எழுதினோம். ஒரு வாரம் கழித்து நூலைப் பாராமல் அதே காட்சியை நினைவிலிருந்து எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டோம். ஐவரும் நிகழ்ச்சிகளைச் சரியாக எழுதியிருந்தோம். ஐவரும் விட்டுவிட்டவை, கேட்பவர்கள் இடையில் குறுக்கிடுவதும், சொல்கிறவர் நிறுத்துவதும், சொல்லாமல் தாண்டிப் போவதுமான சிறு இடங்கள். கதை என்று நாம் நினைவில் வைத்திருப்பதில் கதைசொல்லல் எவ்வளவு உதிர்ந்துவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பயிற்சி வேறு எதையும் நான் அறியேன். சுருக்கம் எழுதிப் பழகிய தமிழாசிரியன் என்ற முறையில், வகுப்பறையில் பல ஆண்டுகளாக நான் உதிர்க்கக் கற்றுக்கொடுத்தவை இவைதான் என்பது எனக்கு வருத்தம் தந்தது.

கைப்பிரதிக்கு என்ன ஆயிற்று

வெறுமையாக இருந்த 22 இடங்களை நிரப்ப ஆசிரியை தன் அம்மாவிடம் போனார். பொழியை வெட்டியவர் அந்த முதலாளிதான் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா, பெரியம்மா சொன்னதாகச் சொன்னார். பெரியம்மா உயிரோடு இருந்ததால் அவரிடமும் போனார். அந்த இரவில் பெரியம்மாவுக்கு ஆறு வயது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வாசலில் பாட்டி நின்றதையும், பாட்டாவின் வேட்டி முழங்கால் வரை சேறாக இருந்ததையும் மட்டுமே அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். முதலாளியின் பெயரைப் பாட்டி எத்தனையோ நாள் கழித்துத்தான் சொன்னாளாம். மழையில் வீட்டுக்குள் ஆற்றுநீர் ஏறாமலிருக்கப் பாட்டாவே பொழியை வெட்டினார் என்று களத்தில் வேலை செய்த இன்னொரு பெண் சொல்லி, அதற்காகவே அவளை வேலையைவிட்டு நிறுத்தியதாகவும் பெரியம்மா சொன்னார். எழுபது ஆண்டுக்குக் குறையாத ஒரு குடும்பப் பகை, யாரும் காணாத ஒரு நிகழ்ச்சியின் மேல் நின்றிருக்கிறது.

நாவலுக்கு இப்போது மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்தி தூங்கியவள், ஒருத்தி வேலையிழந்தவள், ஒருத்தி இரண்டையும் கேட்டு வளர்ந்தவள். சொல்கிறவர் மூன்றாமவளின் பேச்சில் சொல்கிறார். 'ஓர்மை' என்ற சொல் இப்போது கூற்றுக்குள்ளேயே வருகிறது, எந்த விளக்கமும் இல்லாமல். கயிறுத் தொழிலை விளக்கிய 11 பக்க முதல் அத்தியாயம் நீக்கப்பட்டது. அதில் இருந்தவற்றில் நாற்றம் மட்டும் பல இடங்களில் பிரிந்து தங்கியிருக்கிறது.

இதன் வரம்பையும் சொல்ல வேண்டும். மூன்று அத்தியாயங்கள் மட்டுமே புதிதாக எழுதப்பட்டுள்ளன. அவற்றில் இரண்டு நன்றாக நிற்கின்றன. மூன்றாவதில் வேலையிழந்தவளின் குரல் இன்னும் சற்று அதிகமாகவே நியாயம் பேசுகிறது. எங்கள் நான்கு கேள்விகள் எல்லா நாவலையும் திறக்கும் சாவியாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. முழுவதும் ஒரு மனிதனின் அகத்திலேயே நடக்கும் நாவலுக்கு வேறு கேள்விகள் தேவைப்படலாம். இந்தக் கைப்பிரதிக்கு இவை பொருந்தின.

சென்ற கூட்டத்துக்கு அவர் பெரியம்மாவையும் அழைத்து வந்திருந்தார். புதிய முதல் அத்தியாயத்தை வாசித்துக் காட்டினார். சேறு படிந்த வேட்டி வரும் இடத்தில் பெரியம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். முழங்கால் வரை இல்லை, கணுக்கால் வரைதான் என்றார். ஆசிரியை அவரைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, முழங்காலை அடிக்காமல், அதன் பக்கத்தில் கணுக்காலையும் எழுதிக்கொண்டார்.